ஐந்து நாள் நோய்: ஒரு மருத்துவர் தம் உடலில் ஏற்றிக்கொண்ட இரத்தம் காட்டியது என்ன

1950ஆம் ஆண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பார்ன்ஸ் மருத்துவமனையில் இரத்தவியல் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வில்லியம் ஹாரிங்டன் என்னும் இளம் மருத்துவர், தட்டணுக் குறைவு நோயால் (இரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள் குறைந்துபோகும் நோய்) அவதிப்பட்ட ஒரு பெண்ணின் இரத்தத்தில் சுமார் 500 மில்லிலிட்டரைத் தம் இரத்தக் குழாய் வழியே ஏற்றிக்கொண்டார். அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹாலிங்ஸ்வொர்த் இந்தச் சோதனையில் பங்காளி. மூன்று மணி நேரத்துக்குள் ஹாரிங்டனின் தட்டணு எண்ணிக்கை அபாயமான அளவுக்குச் சரிந்தது. அவருக்கு வலிப்பு வந்தது. தோலில் செம்புள்ளிகளும் கன்றல்களும் தோன்றின. எண்ணிக்கை சில நாள்கள் அடிமட்டத்திலேயே கிடந்து, ஐந்தாம் நாள் வாக்கில் இயல்புக்குத் திரும்பியது. அவர் உயிர் பிழைத்தார். பிற்காலத்தில் மயாமி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றினார்.

இந்த நிகழ்வை மருத்துவ வரலாற்றின் துணிச்சல் கதையாகச் சொல்வது வழக்கம். அந்தத் துணிச்சல் குறித்து எனக்கு இரு மனம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். இங்கே இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களில் இரண்டு தனிக் கேள்விகள் உள்ளன. சேதம் எதனால் விளைகிறது என்பது ஒன்று. அந்தச் சேதத்தை விளைவிக்கும் ஏற்பாடு உடலில் எப்படித் தோன்றி நிலைக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் நோயாளியைப் பார்த்துப் பிரித்தறிய முடிவதில்லை. ஹாரிங்டனின் உடலில் ஐந்து நாள்கள் மட்டும் இவை பிரிந்து நின்றன: சேதம் வந்தது, நோய் வரவில்லை.

பின்னணி: இரு தரப்பாரின் வழக்கு

நோய் பழையது. ஜெர்மானிய மருத்துவர் பால் வெர்ல்ஹாஃப் 1735இலேயே இதை விவரித்திருக்கிறார். குண்டூசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் கால்களில் கூட்டமாகத் தோன்றும்; இலேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும்; பல் ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும்; பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு மிகும். மூளைக்குள் இரத்தக் கசிவு அரிது, ஆனால் நேர்ந்தால் உயிர்க்கொல்லி. இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருப்பதே காரணம் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவானது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும்; இந்நோய் முற்றியவரிடம் அது 10,000க்கும் கீழே போகும்.

ஏன் குறைகின்றன என்பதில்தான் வழக்கு. தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்னும் பெரிய செல்களிலிருந்து துண்டு துண்டாக உதிர்ந்து இரத்தத்தில் கலப்பவை. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள்கள். உடல் நாள்தோறும் சுமார் 10,000 கோடித் தட்டணுக்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இப்படி வரவும் செலவுமாக ஓடும் கணக்கில் இருப்பு குறைந்தால், வரவு நின்றிருக்கலாம் அல்லது செலவு மிகுந்திருக்கலாம். 1915இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிராங்க், மஜ்ஜையில் உற்பத்தி ஒடுக்கப்படுவதே காரணம் என்றார். அடுத்த ஆண்டே பிராக் நகரில் மருத்துவ மாணவராக இருந்த பால் காஸ்னெல்சன், மண்ணீரலே தட்டணுக்களை அழிக்கிறது என்று வாதிட்டு, தம் ஆசிரியரை இணங்கவைத்து, நோயாளியான ஒரு பெண்ணின் மண்ணீரலை அறுவை செய்து அகற்றச் செய்தார். தட்டணுக்கள் மளமளவென ஏறின. ஆனால் வழக்கு முடியவில்லை. மண்ணீரல் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து மஜ்ஜையை ஒடுக்கியிருந்தாலும், அதை அகற்றியவுடன் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஒரே முடிவை இரு தரப்பாரும் தத்தமக்குச் சாதகமாகப் படிக்க முடிந்தது. அந்த நிலை 35 ஆண்டுகள் நீடித்தது.

துப்பு ஒன்று வெகுகாலம் கண்முன்னே இருந்தது. இந்நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் சிலருக்குப் பிறந்த சில நாள்களில் தட்டணுக்கள் குறைகின்றன. சில வாரங்களில் தாமாகவே சரியாகிவிடுகின்றன. தாயிடமிருந்து ஏதோ ஒன்று நச்சுக்கொடியைக் கடந்து சேய்க்கு வந்து, பிறகு தீர்ந்துபோகிறது என்பதைத் தவிர இதற்கு எளிய விளக்கம் இல்லை. பார்ன்ஸ் மருத்துவமனைச் சோதனைக்கு இந்தக் கவனிப்பே தூண்டுதல். இயற்கை சிசுவிடம் செய்து காட்டியதை வளர்ந்த ஓர் உடலில் அளந்து பார்ப்பதே அவர்கள் நோக்கம்.

அந்த 'ஏதோ ஒன்று' எதிர்ப்பொருளாக, அதாவது அந்நியப் பொருள்களைப் பற்றிக்கொள்ள எதிர்ப்பாற்றல் உண்டாக்கும் புரதமாக, இருக்கக்கூடும் என்று எண்ணுவதற்குத் தடையாக ஒரு கோட்பாடும் நின்றது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானிய ஆய்வாளர் பால் எர்லிக், ஓர் ஆட்டுக்குப் பிற ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்தினால் அந்தச் செல்களுக்கு எதிரான பொருள்கள் உண்டாகின்றன, அதன் சொந்தச் செல்களுக்கு எதிராக உண்டாவதில்லை என்று கண்டு, உடலுக்குத் தன்னையே நஞ்சூட்டிக்கொள்வதில் ஓர் அச்சம் உண்டு என்றார். அத்தகைய பொருள்கள் தோன்றினாலும் அவை தீங்கு செய்யாதபடி தடுக்கும் ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்தின் உட்பொருள். பின்வந்தோர் அதை 'அப்படி நடக்கவே நடக்காது' என்று சுருக்கிவிட்டார்கள். 1904இல் டோனத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இரு ஆய்வாளர்கள், குளிரில் வெளிப்படும் ஓர் இரத்தச் சிதைவு நோயில் நோயாளியின் சொந்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டிய பிறகும்கூட, அது விதிவிலக்காகவே ஒதுக்கிவைக்கப்பட்டது. ஒரு கருத்தைச் சொன்னவரைவிட அதைச் சுருக்கிச் சொன்னவர்கள் அறிவியலை அதிகம் தாமதப்படுத்திய இடங்களுள் இது ஒன்று என்பது என் எண்ணம்.

சோதனையின் அமைப்பு

நோயாளியின் இரத்த வகையோடு ஹாரிங்டனின் வகை பொருந்தியது; ஆகவே ஏற்றிக்கொள்பவர் அவரானார். இரத்த வகை பொருந்தாமையால் விளையும் கேடு இதனால் கணக்கிலிருந்து விலகியது. ஏற்றிய அளவு ஒரு வழக்கமான இரத்தப் பையின் அளவே. ஐந்து லிட்டர் அளவு இரத்தம் உள்ள உடலில் அரை லிட்டர் சேர்வதால் விளையும் நீர்த்தல், தட்டணுக்களைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துக் காட்டலாமே ஒழிய, அபாயமான சரிவை விளைவிக்காது.

மிக முக்கியமான அவதானிப்பு, அவர் நோய்வாய்ப்பட்டிருந்தபோதே மார்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை மாதிரி. அதில் மெகாகேரியோசைட்டுகள் இயல்பாக இருந்தன. பட்டறை இடிந்து கிடக்கவில்லை. சரக்கு வெளியே வந்தபின் காணாமல் போய்க்கொண்டிருந்தது. காலமும் இதற்குச் சான்று கூறியது. மஜ்ஜையில் உற்பத்தி முற்றாக நின்றுபோனாலும், ஏற்கெனவே இரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள் தம் ஆயுள் தீரும் வரை, அதாவது ஒரு வார அளவுக்கு, படிப்படியாகவே குறையும். மூன்று மணி நேரத்தில் மறைந்துபோவதற்கு அழிவு ஒன்றே வழி.

பிறகு அதே மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்களும் ஊழியர்களும் தாமாக முன்வந்து ஏற்றிக்கொண்டார்கள். நோயாளிகளின் பிளாஸ்மாவை (இரத்தத்தின் நீர்ப்பகுதியை) ஏற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குத் தட்டணுக்கள் சரிந்தன. நோயற்றவர்களின் பிளாஸ்மா அதைச் செய்யவில்லை. செல்கள் நீங்கிய பிளாஸ்மாவே போதும் என்றானதால், கடத்தப்படுவது கரைந்த ஒரு பொருள் என்பது உறுதியானது. 1951இல் வெளியான கட்டுரை அதை 'எதிர்ப்பொருள்' என்று அடித்துச் சொல்லாமல், தட்டணுக்களைக் குறைக்கும் காரணி என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. கையில் இருந்த சான்றுக்கு மேல் ஒரு சொல்லும் கூடாத அந்த அடக்கம், சோதனையின் துணிச்சலைவிட எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

துணிச்சல் குறித்த என் தயக்கம் இதுதான். எண்ணிக்கை எவ்வளவு கீழே போகும், எத்தனை நாள் அங்கேயே நிற்கும் என்பது யாருக்கும் தெரியாத நிலையில், மூளைக்குள் இரத்தம் கசியும் வாய்ப்பை ஏற்றுத்தான் முதல் பை இறங்கியது. வலிப்பு அதன் எச்சரிக்கை. அதன் பின்னரும் உடன்பணியாளர்கள் கை நீட்டினார்கள் என்றால், சோதனையை நடத்துபவரே முதலில் செய்து காட்டியபின் மறுப்பது எளிதாக இருந்திருக்குமா என்ற கேள்வி எழாமல் இல்லை. இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் இதற்கு ஒப்புதல் தராது, தரக்கூடாது. கிடைத்த விடை அரியது என்பதால் கேட்ட முறை சரியாகிவிடாது.

எஞ்சிய ஐயமும் அது தீர்ந்த விதமும்

கூர்மையான வாசகர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்ப வேண்டும். நோயாளியின் பிளாஸ்மா ஹாரிங்டனின் தட்டணுக்களை அழித்தது உண்மை. ஆனால் அது நோயாளியின் சொந்தத் தட்டணுக்களையும் அழிக்கிறது என்று இந்தச் சோதனை காட்டவில்லை. மகப்பேற்றின் வழியாகவோ முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டதாலோ, பிறருடைய தட்டணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஒருவர் உடலில் உருவாகியிருக்கலாம். அப்படிப்பட்டவரின் பிளாஸ்மாவும் அடுத்தவரிடம் இதே விளைவைத் தரும். அதைத் தன்னெதிர்ப்பு என்று சொல்ல முடியாது.

இந்த ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்தது 1965இல் ஷுல்மனும் அவர் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. அந்தக் காரணி பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் என்னும் புரதப் பகுதியில் உள்ளது, தட்டணுக்களோடு சேர்த்துக் கலக்கினால் அவற்றில் ஒட்டிக்கொண்டு பிளாஸ்மாவிலிருந்து நீங்கிவிடுகிறது, பிறர் தட்டணுக்களோடு மட்டுமின்றி நோயாளியின் சொந்தத் தட்டணுக்களோடும் வினைபுரிகிறது என்று அவர்கள் காட்டினார்கள். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு அதே பிளாஸ்மாவைச் செலுத்தியபோது சரிவு குறைவாக இருந்தது என்ற அவர்களுடைய கண்டுபிடிப்பு, காஸ்னெல்சனின் பழைய அறுவைக்கும் ஒரு விளக்கத்தைத் தந்தது.

எதிர்ப்பொருள் தட்டணுவின் எந்தப் பகுதியைப் பற்றுகிறது என்பதற்கு விடை 1982இல் வந்தது. கிளான்ஸ்மன் நோய் என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் தட்டணுக்களில், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் கிளைக்கோபுரோட்டீன் 2பி/3ஏ என்ற புரதம் இருப்பதில்லை. நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்கள் பெரும்பாலானவை இயல்பான தட்டணுக்களில் ஒட்டின, கிளான்ஸ்மன் நோயாளிகளின் தட்டணுக்களில் ஒட்டவில்லை. ஒரு நோயின் புதிருக்கு இன்னொரு நோய் திறவுகோலானது. அதே வேளையில், இன்றுள்ள ஆய்வக முறைகளிலும் கணிசமான நோயாளிகளிடம் இந்த எதிர்ப்பொருள் அகப்படுவதில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஆகவே நோயறிதல் இன்னமும் பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியே செய்யப்படுகிறது.

சேதம் நடக்கும் விதம்

எதிர்ப்பொருள் தானாகத் தட்டணுவைக் கொல்வது அரிது. அது ஒரு முத்திரை. ஒய் வடிவம் கொண்ட அந்த மூலக்கூற்றின் இரு கைகள் தட்டணுவைப் பற்றிக்கொள்ள, அதன் அடிப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணீரலின் குறுகிய வழிகளில் இரத்தம் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது, அங்கே இருக்கும் பெருவிழுங்கணுக்கள் அந்த அடிப்பகுதியைத் தம் ஏற்பிகளால், அதாவது மேற்பரப்பில் உள்ள பற்றும் புரதங்களால், பிடித்து, தட்டணுவை முழுதாக விழுங்கிவிடுகின்றன. கிருமிகளை ஒழிக்க உடல் வைத்திருக்கும் அதே ஏற்பாடுதான் இது. எங்கும் பழுது இல்லை. முத்திரை தவறான பொருளின்மேல் விழுந்திருக்கிறது என்பது மட்டுமே பிழை. ஒரு சாதாரண உடலில் மொத்தத் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு எந்நேரமும் மண்ணீரலில் தங்கியிருப்பதால், தப்பிக்கும் வாய்ப்பும் குறைவு. எதிர்ப்பொருள் மிகுதியாகப் படிந்த தட்டணுக்களைக் கல்லீரலும் அகற்றுகிறது. சில நோயாளிகளிடம் வெள்ளணுக்களில் ஒரு வகையான கொல்லும் டி செல்கள் நேரடியாகவே தாக்குகின்றன.

தன்னெதிர்ப்பு நோய்கள் எல்லாம் இதே வழியில் சேதம் செய்வதில்லை. கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் தைராய்டுச் செல்களின் ஏற்பியைப் பற்றி, அதை அழிப்பதற்குப் பதிலாக ஓயாமல் தூண்டுகிறது. சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்து உடல் மெலிகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஆணையை வாங்கும் ஏற்பிகள் அடைபட்டும் அழிந்தும் போவதால் தசைகள் சோர்கின்றன. லூபஸ் நோயில் எதிர்ப்பொருளும் அது பற்றிய பொருளும் சேர்ந்த கூட்டுத் துகள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து, அங்கே அழற்சியை மூட்டுகின்றன; தாக்கப்பட்டது ஓரிடம், கெட்டது வேறிடம். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொல்பவை டி செல்களே.

ஹாரிங்டனின் சோதனை இந்த வேறுபாட்டை அறிய ஓர் அளவுகோலையும் தந்தது. சேதம் எதிர்ப்பொருளால் விளைவது என்றால் பிளாஸ்மா வழியே அதைக் கடத்த முடிய வேண்டும். 1975இல் மயஸ்தீனியா நோயாளிகளின் எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தி அதே தசைச் சோர்வை உண்டாக்கிக் காட்டினார்கள். கிரேவ்ஸ் நோயுள்ள தாயின் குழந்தைக்குச் சில வாரங்கள் தைராய்டு மிகைச் சுரப்பு வரலாம். ஆனால் முதல் வகை நீரிழிவுள்ள தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் இரத்தத்தில் காணப்பட்டாலும் குழந்தைக்கு அதனால் நீரிழிவு வருவதில்லை. அங்கே எதிர்ப்பொருள், நடந்துகொண்டிருக்கும் அழிவின் அடையாளம். அழிப்பது வேறு கை. பரிசோதனைத் தாளில் எதிர்ப்பொருள் 'உண்டு' என்று வந்தவுடன் அதையே குற்றவாளியாகக் கொள்வது எத்தனை பிழையானது என்பதற்கு இது போதும்.

ஐந்தாம் நாள்

இனி இந்நிகழ்வின் மையத்துக்கு வருகிறேன். ஹாரிங்டன் ஏன் குணமானார்?

மனித இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் ஜி வகை எதிர்ப்பொருளின் அளவு பாதியாகக் குறைய இயல்பாகச் சுமார் 21 நாள்கள் ஆகும். அப்படியிருக்க ஐந்து நாளில் அவர் மீண்டதற்குப் பொருத்தமான விளக்கம், அந்த எதிர்ப்பொருள் தட்டணுக்களோடு ஒட்டி, அவற்றோடு சேர்ந்தே விழுங்கப்பட்டுச் செலவழிந்தது என்பதே. வெடிமருந்து தீர்ந்தது, மஜ்ஜை தன் வழக்கமான வேகத்தில் புதிய தட்டணுக்களை அனுப்பி இருப்பை நிரப்பிக்கொண்டது. அந்தப் பெண்ணின் உடலிலும் இதே செலவு நாள்தோறும் நடந்துகொண்டுதான் இருந்தது. வேறுபாடு, அவர் உடலில் எதிர்ப்பொருளைப் புதிதாக உண்டாக்கி அதை ஈடுசெய்யும் வெள்ளணுக்களான பி செல்களும் பிளாஸ்மா செல்களும் இருந்தன என்பதே. பைக்குள் அடங்கியது அந்தச் செல்கள் உண்டாக்கிய பொருள். உண்டாக்கும் ஆணை பைக்குள் வரவில்லை. பையில் வந்த வெள்ளணுக்களையும் ஹாரிங்டனின் எதிர்ப்பாற்றல் அந்நியமாகக் கண்டு ஒழித்திருக்கும்.

ஆக, எதிர்ப்பொருளை நோய் என்று சொல்வது, வழியும் நீரைக் குழாயின் உடைப்பு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

உடைப்பு எங்கே

தன் உடலைத் தாக்கக்கூடிய செல்கள் யார் உடலிலும் பிறக்கின்றன. பி செல்களும் டி செல்களும் தம் ஏற்பிகளை மரபணுத் துண்டுகளை ஏறக்குறைய குருட்டாம்போக்கில் சேர்த்து உருவாக்குகின்றன. முன்பு உலகில் இல்லாத கிருமியையும் அடையாளம் காண இந்தக் குருட்டுத்தனமே உதவுகிறது. அதே காரணத்தால் சொந்தப் புரதங்களைப் பற்றும் ஏற்பிகளும் தவிர்க்க முடியாமல் வந்துவிடுகின்றன. அவற்றை முதலில் வடிகட்டும் இடம் டி செல்களுக்குத் தைமஸ் சுரப்பி, பி செல்களுக்கு எலும்பு மஜ்ஜை. தைமஸில் ஏர் என்னும் மரபணு, உடலின் வெவ்வேறு உறுப்புகளுக்கே உரிய புரதங்களை அங்கேயே சிறிதளவு உண்டாக்கிக் காட்ட, அவற்றின் மீது கடுமையாகப் பாயும் செல்கள் அழிக்கப்படுகின்றன. 1997இல் அடையாளம் காணப்பட்ட இந்த மரபணு பழுதானவர்களுக்குச் சிறு வயதிலேயே பல சுரப்பிகள் ஒருங்கே தாக்கப்படுகின்றன.

வடிகட்டியில் தப்பும் செல்கள் சில எப்போதும் உண்டு. அவற்றை வெளியே அடக்கி வைப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இவற்றின் இருப்பையும் அவற்றுக்கு ஆதாரமான ஃபாக்ஸ்பி3 மரபணுவின் பங்கையும் நிலைநாட்டியதற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. எர்லிக் நூறாண்டுக்கு முன் ஊகித்த 'தடுக்கும் ஏற்பாடு' இப்படி உருவமும் பெயரும் பெற்றது. தட்டணுக் குறைவு நோயாளிகளிடம் இந்தச் செல்கள் எண்ணிக்கையிலோ செயலிலோ குறைந்திருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. சிகிச்சையால் தட்டணுக்கள் ஏறும்போது அவையும் மீள்கின்றன.

காவல் தளர்ந்தால் மட்டும் போதாது, யாரோ கதவைத் தட்டவும் வேண்டும். குழந்தைகளுக்கு இந்நோய் பெரும்பாலும் ஒரு வைரஸ் தொற்று ஆறிய ஓரிரு வாரங்களில் திடீரென்று வருகிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே போய்விடுகிறது. கிருமியின் ஒரு பகுதி சொந்தப் புரதத்தின் சாயலில் இருந்தால், கிருமிக்கு எனப் பிறந்த எதிர்ப்பொருள் இரண்டையும் பற்றும். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை மருந்தால் ஒழித்தபோது சில நோயாளிகளின் தட்டணுக்கள் ஏறியது 1998இல் முதன்முதலாகப் பதிவானது. பெரியவர்களில் பலருக்கு இப்படிச் சுட்டிக்காட்ட எந்தக் கிருமியும் கிடைப்பதில்லை. நோயும் ஆண்டுக் கணக்கில் நீடிக்கிறது. மரபின் பங்கு உண்டு, ஆயினும் அது விதியன்று: லூபஸ் நோயில் ஒரே கருவில் பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வராமல் போவதே அதிகம்.

நீடிப்பதற்கான விளக்கம் மீண்டும் மண்ணீரலுக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. பெருவிழுங்கணு தட்டணுவை விழுங்கிச் சும்மா இருப்பதில்லை. அதன் புரதங்களைத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்தி டி செல்களுக்குக் காட்டுகிறது. அதைப் பார்த்துக் கிளர்ந்த டி செல்கள் பி செல்களைத் தூண்டுகின்றன. பி செல்கள் மேலும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. அவை மேலும் தட்டணுக்களுக்கு முத்திரையிட, மேலும் தட்டணுக்கள் விழுங்கப்படுகின்றன. முதலில் ஒரு புரதத்தின் ஒரு மூலையை மட்டும் குறிவைத்த எதிர்ப்பு, இந்தச் சுற்றில் அதன் பிற பகுதிகளுக்கும் அடுத்த புரதங்களுக்கும் விரிகிறது. தொடக்கி வைத்த கிருமி எப்போதோ போய்விட்டிருந்தாலும் சக்கரம் தன் சுழற்சியாலேயே சுழல்கிறது. மண்ணீரல் ஒரே நேரத்தில் கொலைக்களமாகவும் பாடசாலையாகவும் இருப்பதால்தான், அதை அகற்றுவது சுமார் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு நீடித்த பலன் தருகிறது என்று கருதலாம். எஞ்சியவர்களுக்கு அந்தப் பாடம் மஜ்ஜை உள்ளிட்ட பிற இடங்களிலும் பரவிவிட்டிருக்கிறது.

ஃபிராங்கின் பாதி

ஹாரிங்டனின் மார்பெலும்பு மாதிரி ஃபிராங்கின் கட்சியைத் தோற்கடித்தது என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. தீர்ப்பு சற்று அவசரம். மஜ்ஜையில் மெகாகேரியோசைட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதால் அவை வேலை செய்கின்றன என்று பொருளாகாது. 1980களில் நோயாளியின் சொந்தத் தட்டணுக்களையே கதிரியக்கக் குறியிட்டு அளந்தபோது, அழிவின் வேகத்துக்கு ஈடாக உற்பத்தி கூடியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு பலரிடம் பொய்த்தது. சிலரிடம் உற்பத்தி இயல்பினும் குறைந்திருந்தது. காரணமும் எளிது. எதிர்ப்பொருள் பற்றும் அதே புரதம் மெகாகேரியோசைட்டின் மேலும் இருக்கிறது. நெடுநாள் நோயாளியின் மஜ்ஜை ஆண்டுக் கணக்கில் அந்த எதிர்ப்பொருளில் ஊறியது. ஹாரிங்டனின் மஜ்ஜை ஐந்து நாள் மட்டுமே அதைக் கண்டது. கடத்தப்பட்ட நோய் உண்மையான நோயின் முழு நகல் ஆகாது என்பதற்கு இது இன்னொரு சான்று.

1994இல் கண்டறியப்பட்ட திராம்போபொயட்டின் என்னும் தூண்டு ஹார்மோன், மஜ்ஜை வறண்ட நோயாளிகளிடம் பல மடங்கு உயர்ந்திருக்க, இந்நோயாளிகளிடம் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. அப்படியானால் அதே தூண்டலைப் புறத்திலிருந்து கூட்டலாம் என்ற எண்ணத்தில் பிறந்த ரோமிப்லோஸ்டிம், எல்ட்ரோம்போபாக் ஆகிய மருந்துகள் 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை குறிவைப்பது எதிர்ப்பாற்றலை அன்று. செலவைக் குறைக்காமல் வரவைக் கூட்டுகின்றன. தோற்றதாகக் கருதப்பட்ட தரப்பின் வாதத்திலிருந்து நல்ல மருந்து வந்தது.

சிகிச்சைகளும் அதே கேள்வியைக் கேட்கின்றன

மற்ற சிகிச்சைகளை அவை சங்கிலியின் எந்தக் கண்ணியில் கை வைக்கின்றன என்று பார்த்தால் இந்நிகழ்வின் பாடம் தெளிவாகும். 1981இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக், ஆரோக்கியமானவர்கள் பலரிடமிருந்து திரட்டிய இம்யூனோகுளோபுலினை, அதாவது எதிர்ப்பொருள் தொகுப்பை, இரத்தக் குழாய் வழியே பெருமளவில் செலுத்தினால் குழந்தைகளின் தட்டணுக்கள் சில நாள்களில் ஏறுவதை வெளியிட்டார். அது விழுங்கும் செல்களின் ஏற்பிகளைத் தடுத்து வைப்பதோடு, எதிர்ப்பொருள்கள் விரைந்து சிதையவும் வழிசெய்கிறது. பலன் சில வாரங்களே. இதுவும் பிளாஸ்மா வழியே வருவது, பிளாஸ்மா வழியே தீர்வது. ஹாரிங்டனின் நோய் தீர்ந்ததைப் போலவே இந்த நலமும் தீர்ந்துவிடுகிறது. ஸ்டீராய்டுகள் விழுங்குவதையும் எதிர்ப்பொருள் உற்பத்தியையும் ஒருங்கே அடக்குகின்றன. மருந்தைக் குறைத்தவுடன் பெரியவர்களில் பலருக்கு நோய் திரும்புகிறது.

உற்பத்திச் செல்களையே குறிவைப்பது ரிட்டுக்ஸிமாப். அது பி செல்களை அழிக்கிறது. ஆனால் அவற்றிலிருந்து முதிர்ந்து எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களின் மேல் அந்த மருந்து பற்றும் அடையாளப் புரதம் இல்லை. அந்த மருந்துக்குப் பணியாமல் பிறகு மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் உறுப்பைச் சோதித்தபோது, நீண்ட ஆயுள் கொண்ட பிளாஸ்மா செல்கள் அங்கே தங்கி, தட்டணு எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரந்துகொண்டிருந்தது தெரிந்தது.

ஹாரிங்டனால் செய்ய முடியாத, செய்திருக்கவும் கூடாத ஒரு சோதனை மிஞ்சியிருந்தது: எதிர்ப்பொருளோடு அதை உண்டாக்கும் செல்களையும் சேர்த்து இன்னொரு உடலில் வைத்தால் என்ன ஆகும் என்பது. உறுப்பு மாற்று மருத்துவம் அதை யாரும் திட்டமிடாமலே செய்துவிட்டது. மாற்றப்படும் கல்லீரலோடு கொடையாளரின் வெள்ளணுக்களும் கூடவே செல்கின்றன; பெறுபவரின் எதிர்ப்பாற்றல் மருந்தால் அடக்கி வைக்கப்பட்டிருப்பதால் அவற்றை அது ஒழிப்பதில்லை. தட்டணுக் குறைவு நோய் இருந்த ஒருவரின் கல்லீரலைப் பெற்றவருக்கு அந்நோயும் சேர்ந்தே வந்தது 1990இல் பதிவாகியிருக்கிறது.